மூன்றரை கிலோமீட்டர் சாலை

2024 செப்டம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை இரவு. ஜவ்வாது மலையில் நான் பாடம் நடத்தும் பள்ளியின் விடுதித் திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பெண்பிள்ளைகள் என் கைபேசியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சென்னையில் கார்ப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. மலையில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். தீவுத்திடலின் வெள்ளை வெளிச்சத்தில் ஒரு கார் வளைவில் திரும்பும், படம் அப்படியே உறைந்து நிற்கும், மறுபடி உயிர் வரும்போது வேறு ஒரு கார் வேறு ஒரு வளைவில் போய்க்கொண்டிருக்கும். யார் முந்தியது என்பது எங்களுக்குக் கடைசிவரை புரியவில்லை. பிள்ளைகளுக்கு அது குறையாகவும் தெரியவில்லை. ஒவ்வொரு முறை கார் பாயும்போதும் கத்தினார்கள்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மட்டும் கத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் உறைந்து நின்ற ஒரு நேரத்தில் கேட்டாள்: "மிஸ், அந்த ரோட்டுல நாளைக்குக் காலைல பஸ் போவுமா?"

போகும் என்றேன். அப்போதைக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. பிறகு யோசிக்கும்போதுதான், அவள் கேட்டது எனக்குப் புரிந்ததைவிடப் பெரிய கேள்வி என்று தோன்றியது. இந்தக் கட்டுரை அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

*

முதலில் நடந்தவற்றை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். 2023 ஆகஸ்டில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் ரேசிங் புரமோஷன்ஸ் என்ற தனியார் நிறுவனமும் சென்னையில் ஃபார்முலா 4 பந்தயம் நடத்த ஒப்பந்தம் செய்துகொண்டன. அப்போது விளையாட்டுத் துறை அமைச்சர் உதயநிதி ஸ்டாலின். தீவுத்திடல், கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என்று நகரத்தின் நடுவிலேயே சுமார் மூன்றரை கிலோமீட்டர் ஓடுபாதை. 2023 டிசம்பர் 9, 10 தேதிகளில் பந்தயம் என்று அறிவித்தார்கள். அந்த வாரம் மிக்ஜாம் புயல் வந்து சென்னையை மூழ்கடித்தது. பந்தயம் தள்ளிப்போனது.

இதற்கிடையில் வழக்குகள். பொதுச் சாலையை மறிக்கலாமா, அருகிலிருக்கும் அரசு மருத்துவமனைகளின் நோயாளிகளை அந்தச் சத்தம் என்ன செய்யும், தனியார் நடத்தும் பந்தயத்துக்கு மக்கள் பணம் எதற்கு என்று கேட்டார்கள். 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பந்தயத்தை அனுமதித்தது. ஆனால் அரசு செலவிடும் 42 கோடி ரூபாயை நிறுவனம் திருப்பித் தர வேண்டும் என்று நிபந்தனை போட்டது. ஓராண்டு கழித்து, 2025 பிப்ரவரியில், உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. நடுவில் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் பந்தயம் நடந்து முடிந்தது. முதல் நாள் சர்வதேச மோட்டார் கூட்டமைப்பின் பாதுகாப்புச் சான்றிதழ் வர நேரமானது. நீதிமன்றம் அவகாசத்தை நீட்டித்தது. அந்த மாதக் கடைசியில் உதயநிதி துணை முதலமைச்சரானார்.

சென்னைக்குப் பந்தயம் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990இலிருந்து அதற்கென்றே கட்டிய ஓடுபாதை இருக்கிறது. ஆகவே ஓட்ட இடமில்லாமல் யாரும் அண்ணா சாலைக்கு வரவில்லை. நகரத்தின் நடுவில், எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஓட வேண்டும் என்பதே திட்டம். இந்தப் பந்தயத்தை அரசு எழுதிய ஒரு பிரதியாக வாசிக்கலாம் என்று நான் நினைப்பது அதனால்தான். அந்தப் பிரதி யாரை வாசகராக நினைத்து எழுதப்பட்டது, யாரைப் பற்றிப் பேசாமல் விட்டது என்பதே என் அக்கறை.

*

கைக்கெட்டும் தூரத்தில் ஒரு விமர்சனம் கிடக்கிறது. ஏழைகள் இருக்கும் ஊரில் கார்ப் பந்தயம் எதற்கு என்பது. எதிர்க்கட்சிகள் அதைச் சொன்னன. புயல் வெள்ளம் வடியாத தெருக்களில் நின்றவர்கள் இன்னும் கோபமாகச் சொன்னார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனாலும் அதை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் இருக்கிறது.

பெண்களைப் பற்றியும் பழங்குடியினரைப் பற்றியும் பேசும்போது நாம் எப்போதும் தேவைகளின் பட்டியலைத்தான் எடுக்கிறோம். அரிசி, கழிப்பறை, சத்துமாவு, நாப்கின். இவை எல்லாம் வேண்டியவையே. ஆனால் தேவை மட்டுமே உள்ளவளாக ஒருத்தியைப் பார்ப்பதும் அவளைக் குறைத்துப் பார்ப்பதுதான். என் வகுப்பில் சத்தத்தை வைத்தே பைக்கின் பெயர் சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஹெல்மெட்டில் கேமரா பொருத்திய கூட்டம் இந்த மலைக்கு வருகிறது. வளைவுகளில் வண்டியைச் சாய்த்து ஓட்டி, பீமன் அருவியில் குளித்துவிட்டு இறங்கிவிடுவார்கள். விறகுக் கட்டோடு நடக்கும் பெண்கள் சத்தம் கேட்டதும் மண்மேட்டோடு ஒட்டி நிற்பார்கள். பிள்ளைகளும் ஒட்டி நிற்பார்கள், ஆனால் கண் வண்டியின் பின்னாலேயே போகும். வேகத்தின் மேல் ஆசைப்பட அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அது தானாக வந்த ஆசை. அதைப் பந்தயத்துக்கு எதிரான என் வாதத்துக்காக நான் பலி கொடுக்க மாட்டேன்.

எனவே பந்தயம் தேவையா என்று நான் கேட்கப்போவதில்லை. ஓர் அரசு எதை அவசரம் என்று நினைக்கிறது என்று கேட்கிறேன்.

*

2023 மே மாதம், பந்தய ஒப்பந்தத்துக்கு மூன்று மாதம் முன்னால், இதே மலைத்தொடரின் வேலூர்ப் பக்கம், அணைக்கட்டு வட்டம் அல்லேரி மலையில், தூங்கிக்கொண்டிருந்த ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லை. மருத்துவமனைக்குப் போய்ச் சேருமுன் குழந்தை இறந்துவிட்டது. பிரேதப் பரிசோதனைக்குப் பின் உடலை ஏற்றிவந்த ஆம்புலன்ஸ் பாதிவழியோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் வண்டி ஏற வழியில்லை. தாய் குழந்தையின் உடலைக் கையில் சுமந்துகொண்டு மலையேறினாள். அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அல்லேரிக்கு ஏன் சாலை இல்லை என்ற கேள்விக்கு அன்று கிடைத்த பதில், வனத்துறை அனுமதி. காட்டு நிலம், சட்டம் இருக்கிறது, காலம் பிடிக்கும். இந்தப் பதிலை மலையில் இருப்பவர்கள் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2006இன் வன உரிமைச் சட்டத்தில் 3(2) என்றொரு பிரிவு இருக்கிறது. பள்ளி, மருத்துவமனை, அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர்க் குழாய், சாலை உள்ளிட்ட பதின்மூன்று வசதிகளுக்காகக் காட்டு நிலத்தை ஒதுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம். ஹெக்டேருக்கு எழுபத்தைந்து மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபையின் பரிந்துரை வேண்டும். அதாவது வழக்கமான நீண்ட நடைமுறை இல்லாமல் ஊர் கேட்டால் கொடுப்பதற்காகவே நாடாளுமன்றம் எழுதிவைத்த வாசல் இது.

ஒரு ஹெக்டேர் என்றால் பத்தாயிரம் சதுர மீட்டர். மூன்று மீட்டர் அகலத்தில், ஓர் ஆம்புலன்ஸ் போகும் அளவுக்குச் சாலை போட்டால், கணக்கு மூன்று கிலோமீட்டரைத் தாண்டுகிறது. சென்னைப் பந்தயத்தின் ஓடுபாதை மூன்றரை கிலோமீட்டர். இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம். முதலாவதுக்குச் சட்டம் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. இரண்டாவதுக்குப் போக்குவரத்தைத் திருப்பி, சாலையைப் புதிதாகச் செப்பனிட்டு, தடுப்புகள் நட்டு, விளக்குக் கம்பங்கள் நிறுத்தி, பல துறைகளை ஒரே மேசையில் உட்காரவைத்து அனுமதி வாங்க வேண்டியிருந்தது. கடினமானது எதுவோ அது நடந்தது.

சாலை போட இந்த அரசு இயந்திரத்துக்குத் தெரியாது என்று இனி யாரும் என்னிடம் சொல்ல முடியாது. காவல்துறை, மாநகராட்சி, நெடுஞ்சாலை, மின்வாரியம் எல்லாம் ஒன்றாக வேலை செய்தால் சில வாரங்களில் என்ன ஆகும் என்பதை நேரலையில் பார்த்தோம். அதைப் பார்த்துவிட்டதுதான் இந்தப் பந்தயத்தால் எங்களுக்குக் கிடைத்த லாபம்.

*

வழக்குகளும் தீர்ப்புகளும் இந்தப் பிரதியின் ஒரு பகுதி. செய்தித்தாள்களில் அவற்றைத் தொடர்ந்து வாசித்தபோது ஒன்று தெரிந்தது. வாதம் முழுக்க இரண்டு தரப்புக்கு நடுவில்தான். அரசு பணம் கொடுக்கலாமா, நிறுவனம் திருப்பித் தர வேண்டுமா. 42 கோடி என்ற எண் அரசின் பக்கத்திலிருந்து நிறுவனத்தின் பக்கத்துக்கும் அங்கிருந்து மறுபடி அரசின் பக்கத்துக்கும் போய்வந்தது. அந்தப் பணத்தில் நடந்திருக்கக்கூடிய வேறு எதுவும் வழக்கில் தரப்பாக இல்லை. இருக்கவும் முடியாது. நீதிமன்றம் தன் முன் வந்ததைத்தான் பார்க்கும். முன்னுரிமையைத் தீர்மானிப்பது சட்டமன்றத்தின் வேலை. ஆகவே என் கேள்வி சட்டமன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்களிடம்தான்.

இதில் ஒரு கட்சியை மட்டும் நிறுத்திவைத்து அடிப்பது எளிது, ஆனால் நேர்மையல்ல. ஹைதராபாதில் 2023 பிப்ரவரியில் ஃபார்முலா இ நடந்தது. அப்போது அமைச்சராக இருந்த கே.டி. ராமராவ் அதை நகரத்தின் பெருமையாக முன்வைத்தார். அடுத்த ஆண்டுப் பந்தயம் ஆட்சி மாறியதும் ரத்தானது. வெளிநாட்டு அமைப்புக்கு அனுப்பிய சுமார் 55 கோடி ரூபாய் தொடர்பாக 2024 டிசம்பரில் ஊழல் தடுப்புப் பிரிவு அவர்மேல் வழக்குப் பதிந்தது. அவர் குற்றச்சாட்டை மறுக்கிறார். பந்தயம் நடத்தும்போது பெருமையும் முடிந்தபின் வழக்கும் என்பது ஊருக்கு ஊர் நடக்கிறது.

உத்தரப் பிரதேசத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு பெண்ணியவாதியாக எனக்கு இன்னும் சங்கடம். 2011 அக்டோபரில் கிரேட்டர் நொய்டாவின் புத்தா சர்க்யூட்டில் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 பந்தயம் நடந்தபோது, வென்ற செபாஸ்டியன் வெட்டலுக்குக் கோப்பையை வழங்கியவர் முதலமைச்சர் மாயாவதி. உலகத்தின் மிகப் பணக்கார ஆண்களின் விளையாட்டு ஒன்றின் மேடையில் ஒரு தலித் பெண் கோப்பையைக் கொடுக்கும் இடத்தில் நின்றார். அந்தக் காட்சியின் வலிமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதே ஆண்டு மே மாதம், அதே யமுனை விரைவுச்சாலைப் பகுதியில், நிலம் எடுப்பதை எதிர்த்துப் பட்டா பர்சோலில் விவசாயிகள் போராடினார்கள், மோதலில் உயிர்கள் போயின. இரண்டும் ஒரே ஆட்சியில் நடந்தவை. மேடையில் யார் நிற்கிறார் என்பதோடு, மேடை யாருடைய நிலத்தில் நிற்கிறது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பந்தயமும் 2013க்குப் பிறகு திரும்பி வரவில்லை.

*

பந்தயத்துக்குள் பெண்கள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள். சென்னையில் ஃபார்முலா 4உடன் நடந்த இந்தியன் ரேசிங் லீகில் ஒவ்வோர் அணியிலும் ஒரு பெண் ஓட்டுநராவது இருக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதி. விதி இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு ஃபார்முலா 1 சாட்சி. 1950இல் தொடங்கிய உலகச் சாம்பியன் போட்டியில் புள்ளி பெற்ற ஒரே பெண் இத்தாலியின் லெல்லா லொம்பார்டி. 1975 ஸ்பெயின் பந்தயம் பாதியில் நிறுத்தப்பட்டதால் அவருக்குக் கிடைத்தது அரைப் புள்ளி. அரைநூற்றாண்டாக அந்த அரைப் புள்ளியோடு யாரும் சேர்ந்துகொள்ளவில்லை. குடை பிடித்து நிற்கும் பெண்களை அந்தப் போட்டி நிறுத்தியதே 2018இல்தான்.

ஆனால் ஓட்டுநர் இருக்கையில் ஒருத்தி உட்கார்ந்துவிட்டால் கணக்கு முடிந்ததா? சவூதி அரேபியாவைப் பாருங்கள். பெண்களுக்குக் கார் ஓட்டும் உரிமை வேண்டும் என்று போராடிய லுஜைன் அல் ஹத்லூல் 2018 மே மாதம் கைது செய்யப்பட்டார். ஜூனில் பெண்கள் ஓட்டலாம் என்று அரசு அனுமதித்தது. டிசம்பரில் திரியாவில் ஃபார்முலா இ பந்தயம் நடந்தது, அப்போது அவர் சிறையில் இருந்தார். 2021 டிசம்பரில் ஜித்தாவில் ஃபார்முலா 1. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் அவர் விடுதலையாகியிருந்தார். உரிமையை அரசு தன் பரிசாகக் கொடுக்க விரும்பியது. கேட்டு வாங்கியவளை மன்னிக்கவில்லை.

நம் ஊரை அந்த நாட்டோடு ஒப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. பெண்களுக்கு எந்த வகைப் பயணத்தை அரசு மனமுவந்து கொடுக்கிறது என்று யோசிக்க இது உதவுகிறது. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இந்தத் திட்டத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். சித்தாள் வேலைக்குப் போகிறவளின் கூலியில் தினமும் மிச்சமாகும் பணத்தின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் மலைகளில் ஓடுவது நகரப் பேருந்து அல்ல என்பது திட்டம் எழுதியவர்களுக்கு உடனே நினைவு வரவில்லை. மலைப்பகுதிகளுக்கு விரிவாக்குவோம் என்ற அறிவிப்பு 2024 பிப்ரவரி பட்ஜெட்டில்தான் வந்தது, அதிலும் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறைதான் முதலில் பேசப்பட்டன. சுற்றுலா வருகிறவர்களுக்குத் தெரிந்த மலைகள் அவை.

*

அதே பிப்ரவரியில் இந்த மலையிலிருந்து ஒரு நல்ல செய்தி போனது. ஜவ்வாது மலைப் பக்கத்துப் புலியூரைச் சேர்ந்த, மலையாளிப் பழங்குடிப் பெண்ணான ஸ்ரீபதி, இருபத்து மூன்று வயதில் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றார். 2023 நவம்பரில் தேர்வு. குழந்தை பிறந்து இரண்டு நாள். இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் காரில் சென்னைக்குப் போய் எழுதினார். முதலமைச்சர் வாழ்த்தினார், எல்லாக் கட்சியினரும் வாழ்த்தினார்கள். எங்கள் பள்ளியில் அவருடைய படத்தை வெட்டிச் சுவரில் ஒட்டினோம்.

அந்த வாழ்த்துகளை மறுபடி வாசிக்கிறேன். எல்லாவற்றிலும் அவருடைய மன உறுதி. பிரசவித்த இரண்டாம் நாள் உடம்பு எப்படி இருக்கும் என்று பெற்றவர்களுக்குத் தெரியும். தையல், ரத்தப்போக்கு, பால் கட்டிய மார்பு. அந்த உடம்போடு மணிக்கணக்கில் உட்கார்ந்து பயணம், பிறகு உட்கார்ந்து தேர்வு. இப்படிப்பட்ட நிலையில் இருக்கும் ஒருத்திக்குப் பக்கத்து ஊரில் ஒரு மையம், அல்லது பிறகு ஒரு தேதி என்று ஏதாவது வழி இருந்திருக்கக் கூடாதா என்று வாழ்த்தியவர்கள் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அதே பருவத்தில் ஒரு கார்ப் பந்தயம் புயலுக்காக எட்டு மாதம் தள்ளிப்போனது, சான்றிதழுக்காகச் சில மணி நேரம் தள்ளிப்போனது. அவை சரியான முடிவுகள், பாதுகாப்பு முக்கியம். காருக்காக அட்டவணை வளையும், பிரசவித்த உடம்புக்காக வளையாது என்பதுதான் எனக்கு உறைக்கிறது. வளையாத அட்டவணைக்கு நாம் வைத்த பெயர் அவளுடைய மன உறுதி.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பாத்திரம் அந்தக் கார். விலை என்ன, எத்தனை நொடியில் நூறைத் தொடும் என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் போக ஒரு சாலை இருந்தது, உள்ளே ஒருத்தி இருந்தாள், குறித்த நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அல்லேரியில் அந்தச் சாலை இல்லை.

கார்களை நேசிக்கும் சட்டமன்ற உறுப்பினர்களிடம் நான் கேட்பது இதைத்தான். நேசத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. அதை மலைக்கும் கொண்டுவாருங்கள் என்கிறேன். வன உரிமைச் சட்டத்தின் 3(2)ஐ மலையூர்களின் கிராம சபைகளில் வாசித்துக் காட்டுங்கள், பரிந்துரை வந்தால் பந்தயத்துக்குக் கூட்டியது போல் எல்லாத் துறைகளையும் ஒரே மேசைக்குக் கூட்டுங்கள். மேட்டில் ஏறக்கூடிய ஆம்புலன்ஸ் கொடுங்கள். மாலை இருட்டியபின் ஒரு பேருந்து விடுங்கள். எங்கள் பெண்பிள்ளைகளுக்கு ஓட்டுநர் பயிற்சி கொடுங்கள், ஜீப்பும் லாரியும் ஓட்டட்டும். அவர்களில் ஒருத்தி பந்தயத்துக்குப் போக ஆசைப்பட்டால் இருங்காட்டுக்கோட்டைக்கு அழைத்துப் போங்கள். அங்கே ஓடுபாதை தயாராக இருக்கிறது.

*

அந்தப் பிள்ளைக்கு வருகிறேன். அவள் ஊருக்குப் பேருந்து நிற்கும் இடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டும். விடுமுறைக்குப் போனால் திங்கள் காலை வகுப்புக்கு எப்போதும் தாமதமாகத்தான் வருவாள், நானும் சில முறை திட்டியிருக்கிறேன். பந்தயம் முடிந்தபின் சென்னைச் சாலை என்ன ஆகும் என்ற கவலை அவளுக்கு இருந்திருக்காது. இவ்வளவு நல்ல சாலை ஒன்று இருந்தால் அதில் பஸ் போக வேண்டும் என்பதுதான் அவளுக்குத் தோன்றியிருக்கும். சாலை எதற்காக இருக்கிறது என்ற கேள்விக்கு அவளிடம் ஏற்கெனவே பதில் இருந்தது.

இந்த வருடம் அவள் பதினொன்றாம் வகுப்பு. போன வாரம் இதை எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னேன். "எங்க ஊரு ரோட்டையும் எழுதுனீங்களா மிஸ்?" என்றாள். எழுதிவிட்டேன். ஊர்ப் பெயரைப் போடவில்லை. அது எந்த ஊர் என்று கேட்டால், இந்த மலையில் பல ஊர்களைக் காட்ட முடியும்.